உறையைச் சேர்த்தோம், கடிதத்தை விட்டோம்

ஒரே உறையில் இரண்டு அரசாங்கங்களின் தபால் தலைகள். ஒன்று, ஜார்ஜ் வாஷிங்டன் படம் போட்ட ரோஜா நிற 3 சென்ட் தலை. இன்னொன்று, பிரிந்துபோன தென்மாநிலங்களின் தலைவர் ஜெஃபர்சன் டேவிஸ் படம் போட்ட நீல நிற 10 சென்ட் தலை. 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் சிறைப்பட்ட சிப்பாய்கள் வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் சில இப்படிப்பட்ட உறைகளில்தான் போயின. தெற்கை ஓர் அரசாகவே வடக்கு ஒப்புக்கொள்ளவில்லை. இருந்தும், சிறைப்பட்டவனின் நாலு வரி அவன் தாய்க்குப் போய்ச் சேரட்டும் என்று இரண்டு தலைகளும் ஒரே காகிதத்தில் பக்கம் பக்கமாக ஒட்டப்பட்டன.

நமக்குப் பக்கத்தில், இலங்கை உள்நாட்டுப் போரில் சிறைப்பட்டவர்கள் செஞ்சிலுவை வழியாக அனுப்பிய செய்தியில் தபால் தலை கிடையாது. உறையும் கிடையாது. அச்சடித்த படிவம் ஒன்று, யாரும் படிக்கலாம் என்று திறந்தபடியே போகும். ஏலத்தில் அமெரிக்க உறைக்குப் பெரும் தொகை கிடைக்கிறது. இலங்கைப் படிவம் ஏலத்துக்கு வருவதே அரிது. அது தகரப் பெட்டிகளில், புடவை மடிப்புகளுக்குள், பல வீடுகளில் கரையான் வாயில் கிடக்கிறது.

கீழ்ப்பழனி மலையில், ஆடலூரில், காப்பிச் செடிகளுக்கும் மிளகுக் கொடிகளுக்கும் நடுவே இருந்துகொண்டு பழைய தபால்களைச் சேர்த்து வருகிறவன் நான். இந்த இரண்டு வகைத் தபால்களையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது, சேகரிப்பாளர்கள் இதுவரை எதைப் போற்றினோம், எதைக் கைவிட்டோம் என்பது தெளிவாகத் தெரிகிறது. உறையைப் போற்றினோம், கடிதத்தைக் கைவிட்டோம். உள்நாட்டுப் போரின் சிறைத் தபாலில் இது சிறிய இழப்பு அல்ல. ஏன் என்று சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

வெள்ளைக் கொடியின் கீழ் வந்த தபால்

அமெரிக்காவில் 1861ஆம் ஆண்டு மே மாத இறுதியோடு வடக்கின் தபால் துறை தென்மாநிலங்களுக்கான சேவையை நிறுத்திக்கொண்டது. ஜூன் 1 முதல் தெற்கு தனக்கென்று ஒரு தபால் துறையை நடத்தியது. வர்ஜீனியாவில் ஒரு மகனும் ஒஹையோவில் ஒரு மகனும் இருந்த தாய்க்கு, ஒரே வாரத்தில் ஒரு பிள்ளை வெளிநாட்டான் ஆகிவிட்டான். அதன் பிறகு சிறைப்பட்டவர்களின் கடிதங்கள் போகப் பெரும்பாலும் ஒரு வழிதான் மிஞ்சியது. சமாதானக் கொடி கட்டிய படகு வர்ஜீனியாவின் மன்றோ கோட்டைப் பக்கம் வரும். இரு தரப்பும் மூட்டைகளை அங்கே மாற்றிக்கொள்ளும்.

விதிகள் கடுமையானவை. ஒரு பக்கத்துக்கு மேல் எழுதக் கூடாது. குடும்ப விஷயம் தவிர வேறு எதையும் தொடக் கூடாது. உறையை ஒட்டக் கூடாது. முகாமில் ஓர் அதிகாரி படித்துப் பார்த்து, தணிக்கை முத்திரை போடுவார். விதிப்படி, உள்ளே மறுதரப்பின் தலை ஒட்டிய உறை, அதற்கு வெளியே கோட்டைத் தளபதிக்கு முகவரி எழுதிய இன்னோர் உறை; ஒரே உறையில் இரு தலைகளையும் ஒட்டியவர்களும் உண்டு. வடக்கு முகாமில் இருந்த கைதிக்குத் தெற்கின் தபால் தலை கிடைக்காது. அதனால் சிலர் கடிதத்தோடு காசை வைத்து அனுப்பினார்கள். அதுவும் இல்லையென்றால் வாங்குகிறவர் 10 சென்ட் கட்ட வேண்டும் என்ற முத்திரை விழுந்தது. தெற்கில் போர் நீள நீளக் காகிதப் பஞ்சம் வந்தது. சுவரில் ஒட்டும் அலங்காரத் தாளை வெட்டி உறை செய்தார்கள். வந்த உறையைப் பிரித்து உட்புறத்தை வெளியே திருப்பி மறுபடியும் அனுப்பினார்கள்.

அந்தப் போரில் சிறைப்பட்டவர்கள் 4 லட்சத்துக்கும் மேல். சிறை முகாம்களிலேயே இறந்தவர்கள் ஏறத்தாழ 56,000 பேர். ஜார்ஜியாவின் ஆண்டர்சன்வில் முகாம் 1864 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. அங்கே அடைக்கப்பட்ட சுமார் 45,000 பேரில் 13,000 பேருக்கு அருகில் நோயிலும் பசியிலும் செத்தார்கள். அங்கிருந்து வந்த கடிதங்கள் மிகக் குறைவு. அதனாலேயே அவற்றுக்கு விலை அதிகம், போலிகளும் அதிகம்.

போர் முடிந்த பிறகுதான் கடிதங்களின் உண்மையான மதிப்பு வெளிப்பட்டது. கிளாரா பார்ட்டன் என்ற பெண்மணி வாஷிங்டன் நகரில் ஒரு வாடகை அறையில் காணாமற்போன வீரர்களைத் தேடும் அலுவலகம் ஒன்றை நடத்தினார். ‘என் மகனைக் கடைசியாக எங்கே பார்த்தீர்கள்?’ என்று கேட்டு 63,000க்கும் மேற்பட்ட கடிதங்கள் அவருக்கு வந்தன. 22,000க்கும் மேற்பட்டவர்களின் கதி என்ன ஆனது என்று அவர் கண்டறிந்து குடும்பங்களுக்குச் சொன்னார். ஆண்டர்சன்வில்லில் கைதியாக இருந்த டோரன்ஸ் அட்வாட்டர் என்ற இளைஞர், இறந்தவர்களின் பட்டியலை ரகசியமாகப் பிரதி எடுத்து வைத்திருந்தார். அந்தப் பட்டியலை வைத்துத்தான் அங்கே பெரும்பாலான கல்லறைகளுக்குப் பெயர் எழுத முடிந்தது. பார்ட்டனின் அலுவலகம் மூடப்பட்டு மறக்கப்பட்டு, 1996இல் அந்தக் கட்டடத்தை இடிக்கும் முன் சோதிக்க வந்த ஓர் அரசு ஊழியர் பரணில் கண்டெடுத்த பொருள்களால்தான் அந்த இடமே காப்பாற்றப்பட்டது. இன்று அது அருங்காட்சியகம்.

சட்டம் வந்தது, உள்நாட்டுப் போருக்கு வரவில்லை

அதே காலத்தில் ஐரோப்பாவில், 1863இல், ஜெனீவாவில் செஞ்சிலுவைக் குழு பிறந்தது. 1870இல் பிரான்சும் பிரஷ்யாவும் மோதியபோது பாசல் நகரில் கைதிகளின் செய்திகளைக் கொண்டுசேர்க்க ஒரு முகவரகம் திறந்தார்கள். முதல் உலகப் போரில் அதே வேலை ஜெனீவாவில் மலைபோல் வளர்ந்தது. கைதிகளைத் தேடுவதற்காக அங்கே எழுதிய அட்டைகள் சுமார் 70 லட்சம். 2014இல் அவை இணையத்தில் யாரும் தேடிப் பார்க்கும்படி வைக்கப்பட்டன.

1949ஆம் ஆண்டின் மூன்றாவது ஜெனீவா ஒப்பந்தம் போர்க்கைதியின் கடிதத்தை உரிமையாக உறுதிசெய்தது. பிடிபட்டவுடன், அல்லது முகாமுக்கு வந்த ஒரு வாரத்துக்குள், வீட்டுக்கும் முகவரகத்துக்கும் தகவல் அட்டை எழுத அனுமதிக்க வேண்டும். மாதத்துக்குக் குறைந்தது இரண்டு கடிதமும் நான்கு அட்டையும் எழுதலாம். தபால் கட்டணம் கிடையாது. படிக்கவே நெஞ்சு நிறையும் விதிகள் இவை. ஆனால் இவை நாடும் நாடும் மோதும் போருக்கே. ஒரே நாட்டுக்குள் நடக்கும் போரில் பிடிபட்டவருக்குச் சட்டத்தில் போர்க்கைதி என்ற தகுதியே கிடையாது. அரசின் கண்ணில் அவர் குற்றவாளி. ஆயுதக் குழு பிடித்து வைத்திருக்கும் சிப்பாய்க்கும் அந்தப் பாதுகாப்பு இல்லை. உள்நாட்டுப் போருக்கென்று நான்கு ஒப்பந்தங்களிலும் பொதுவாக உள்ள மூன்றாவது பிரிவு, கைதியைச் சித்திரவதை செய்யாதே, கொல்லாதே என்கிறது. செஞ்சிலுவை போன்ற பக்கச்சார்பற்ற அமைப்பு உதவ முன்வரலாம் என்கிறது. கடிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. 1977இல் வந்த இரண்டாவது கூடுதல் நெறிமுறைதான், உள்நாட்டுப் போரில் அடைபட்டவர்களும் கடிதம் எழுத, பெற அனுமதிக்கப்பட வேண்டும் என்றது. இந்தியாவும் இலங்கையும் அதில் சேரவில்லை.

சட்டம் இல்லாத இடத்தில் பேசிப் பேசித்தான் வழி உண்டாக்க வேண்டியிருந்தது. 1936 முதல் 1939 வரை ஸ்பெயின் தனக்குள் வெட்டிக்கொண்டபோது, செஞ்சிலுவைக் குழுவின் ஆட்கள் இரு தரப்பிடமும் பேசி ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள். சில வரிகளே எழுத இடமுள்ள படிவம், குடும்பச் செய்தி மட்டும், இரு தரப்பும் படித்துக்கொள்ளலாம். அந்தப் போரில் அப்படி 50 லட்சம் செய்திகள் கைமாறின. இன்றுவரை உலகெங்கும் ஓடும் செஞ்சிலுவைச் செய்திப் படிவத்தின் தொடக்கம் அங்கேதான்.

இந்தியாவுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. கொரியப் போர் 1953இல் ஓய்ந்தபோது, தம் தரப்புக்குத் திரும்ப மறுத்த 22,000க்கும் மேற்பட்ட கைதிகளைப் பாதுகாக்கும் பொறுப்பு இந்தியப் படைக்கு வந்தது. ஜெனரல் திம்மையா நடுநிலை ஆணையத்தின் தலைவர். காவல் படைக்குத் தளபதி தோரட். அந்தப் படையின் பயன்பாட்டுக்காக இந்தியத் தபால் தலைகளில் இந்தி எழுத்தில் மேலச்சு போட்டு வெளியிட்டார்கள். நம் நாட்டுச் சேகரிப்பாளர்கள் அந்தத் தலைகளைத் தேடி அலைகிறார்கள், பெரிய விலை கொடுக்கிறார்கள். கைதிகளில் 88 பேர் இரண்டு கொரியாவும் வேண்டாம், சீனாவும் வேண்டாம் என்று சொல்லி இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். காவல் நின்றவர்களின் தபால் தலை நம் ஆல்பங்களில் பத்திரமாக இருக்கிறது. உள்ளே இருந்தவர்கள் வீட்டுக்கு என்ன எழுதினார்கள் என்பதைத் தேடிச் சேர்த்த இந்தியச் சேகரிப்பாளர் ஒருவரையும் நான் சந்தித்ததில்லை.

ஓமந்தை தாண்டிய படிவங்கள்

இலங்கையில் செஞ்சிலுவைக் குழு நிலையாக வேலை தொடங்கியது 1989இல். பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடிபட்ட தமிழ் இளைஞர்கள் பூசா முகாமிலும் வெலிக்கடை, களுத்துறை, அனுராதபுரம் சிறைகளிலும் இருந்தார்கள். மறுபக்கம், விடுதலைப் புலிகள் பிடித்த சிப்பாய்களும் கடற்படையினரும் வடக்கில் இருந்தார்கள். செஞ்சிலுவைக்காரர்கள் இரண்டு பக்கமும் போனார்கள். கைதியைத் தனியே பார்த்துப் பெயரைப் பதிவு செய்து, படிவத்தைக் கையில் கொடுத்து எழுதச் சொன்னார்கள். எழுதியதை வாங்கிக்கொண்டு போய், காவல் எல்லைகளைத் தாண்டி, வீட்டுக் கதவைத் தட்டிக் கொடுத்தார்கள். பதில் எழுதும் இடமும் அதே படிவத்தில் உண்டு.

1994 செப்டம்பர் 19 அன்று மன்னார் கடலில் கடற்புலிகள் மூழ்கடித்த ‘சாகரவர்த்தன’ கப்பலின் தலைவர் அஜித் போயகொட எட்டு ஆண்டுகள் புலிகளிடம் கைதியாக இருந்தார். புலிகளிடம் சிக்கிய அதிகாரிகளில் மிக உயர்ந்த பதவியில் இருந்தவர் அவர். அவருக்கும் வீட்டுக்கும் நடுவே கடிதங்களைச் சுமந்தது செஞ்சிலுவைதான். 2002 பிப்ரவரியில் போர்நிறுத்தம் வந்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 28 அன்று, அரசுப் பகுதிக்கும் புலிகள் பகுதிக்கும் எல்லையாக இருந்த ஓமந்தையில் கைதிப் பரிமாற்றம் நடந்து அவரும் விடுதலையானார். அவர் சொல்லச் சொல்ல சுனிலா கலப்பத்தி எழுதிய நினைவு நூல் 2016இல் வெளிவந்தது. காவலுக்கு நின்ற புலி இளைஞர்களை மனிதர்களாகவே பார்த்துச் சொன்ன அந்தச் சிங்கள அதிகாரியின் நூலைத் தமிழர்கள் அவசியம் படிக்க வேண்டும். சிறைக்குள் கடிதத்துக்காகக் காத்திருப்பதில் சிங்களம், தமிழ் என்ற பேதம் இல்லை என்பது அதில் தெரியும்.

ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எல்லோருக்கும் படிவம் போகவில்லை. இரு தரப்பிலும் எந்தப் பட்டியலிலும் சேர்க்காமல் அடைத்து வைக்கப்பட்டவர்கள் இருந்தார்கள். பெயர் பதிவாகாதவரிடம் படிவத்தை யார் கொடுப்பது? ஆகவே ஒரு வீட்டுக்குப் படிவம் வந்தது என்றால் அதற்கு ஓர் அர்த்தம் உண்டு. இந்தத் தேதியில், இந்த இடத்தில், இந்த மனிதர் உயிரோடு இருந்தார். அதை ஒரு மூன்றாம் தரப்பு நேரில் பார்த்தது. போர்க்களத்து அறிக்கைகளில் எத்தனையோ பொய் கலந்திருக்கலாம். ‘அம்மாவுக்கு மூச்சு வாங்குவது இப்போது எப்படி இருக்கிறது?’ என்று மகன் எழுதிய வரியில் பொய் இல்லை.

மலையில் ஒரு படிவம்

1964 அக்டோபரில் லால்பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் செய்த ஒப்பந்தப்படி மலையகத் தமிழர்கள் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாக முடிவானது. தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கியவர்களில் பலர் நீலகிரிக்குப் போனார்கள். சிலர் கொடைக்கானல், பழனி மலைப் பக்கமும் வந்தார்கள். மரம் வெட்டும் வேலை, காப்பித் தோட்ட வேலை. பிறந்த மண் பாதியும் வந்த மண் பாதியுமாகக் குடும்பங்கள் பிரிந்தன. 1977 கலவரத்துக்குப் பிறகு அங்கே எஞ்சியவர்களில் பலர் தேயிலை மலையை விட்டு வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் குடியேறினார்கள். போர் அவர்களையும் அங்கே பிடித்துக்கொண்டது.

அப்படி ஒரு குடும்பத்தின் அக்கா எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் வேலை பார்த்து இப்போது ஓய்ந்து வீட்டில் இருக்கிறார். நான் பழைய கடிதங்களைச் சேர்ப்பவன் என்று தெரிந்ததும் ஒருநாள் கூப்பிட்டு, பிஸ்கட் டப்பா ஒன்றைத் திறந்து காட்டினார். அவருடைய தம்பி பூசாவிலிருந்து எழுதிய செஞ்சிலுவைப் படிவம். பழுப்பேறி, நாலாக மடித்த மடிப்பில் கிழியத் தொடங்கியிருந்தது. மேலே அனுப்புகிறவர் பெயர், பிறந்த தேதி, தகப்பன் பெயர், தாய் பெயர். கீழே பெறுகிறவருக்கும் அதே விவரங்கள். ஒரே பெயரில் ஊருக்குப் பத்துப் பேர் இருக்கும் நம் நாடுகளில் தகப்பன் பெயரும் தாய் பெயரும் சேர்ந்தால்தான் சரியான வீட்டைக் கண்டுபிடிக்க முடியும். முகவரியில் தம்பி ‘மதுரை மாவட்டம்’ என்று எழுதியிருந்தார். திண்டுக்கல் 1985இல் தனி மாவட்டமானது சிறைக்குள் இருந்தவருக்குத் தெரிந்திருக்கவில்லை. வேறு யாரோ வேறு மையில் அதை அடித்துவிட்டு ‘திண்டுக்கல்’ என்று திருத்தியிருந்தார்கள். தருமத்துப்பட்டி வழியாக மலையேறி அந்தத் தாள் வந்து சேர்ந்திருக்கிறது.

செய்தி ஏழு வரிதான். அம்மா உடம்பு, மாடு கன்று போட்டதா, போன படிவம் கிடைத்ததா, தன்னைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். கடைசி வரியின் மேல் ஊதா நிறத்தில் தணிக்கை முத்திரை. என் போன்ற சேகரிப்பாளனின் கண் பழக்கத்தால் முதலில் அந்த முத்திரைக்குத்தான் போகும். அக்காவின் விரல் மாட்டைப் பற்றிய வரியில் நின்றது. ‘அந்த மாட்ட இவன் பாத்ததே இல்ல தம்பி. அம்மா லெட்டர்ல எழுதுனத ஞாபகம் வச்சுக் கேட்டிருக்கான்’ என்றார்.

நான் கேட்கும் முன்பே அவர் முடிவு சொன்னார். ‘படம் வேணும்னா புடிச்சுக்கங்க. தாள மட்டும் மலைய விட்டு எறக்கிராதீங்க.’

தம்பி பிறகு விடுதலையாகி வவுனியாவில் குடும்பத்தோடு இருக்கிறார். வாரம் தவறாமல் வாட்ஸ்அப்பில் அக்காவும் தம்பியும் முகம் பார்த்துப் பேசுகிறார்கள். ‘இப்ப தெனம் வேணாலும் பேசலாம். ஆனா என்ன பேசுனோம்னு ஒண்ணும் கையில நிக்க மாட்டேங்குது’ என்று அக்கா சொன்னார். தொலைவு குறைந்ததன் லாபத்தையும் நட்டத்தையும் இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

சேர்ப்பவர்கள் மாறிய விதம்

தபால் சேகரிப்பின் தொடக்க காலத்தில் உறைக்கே மதிப்பில்லை. உறையைத் தண்ணீரில் ஊறவைத்துத் தலையை உரித்து ஆல்பத்தில் ஒட்டிக்கொண்டு, மிச்சத்தைக் குப்பையில் போட்டார்கள். பின்னால்தான் முழு உறைக்கும் அதன் முத்திரைகளுக்கும் மதிப்பு வந்தது. எந்த வழியில் போனது, எங்கே தணிக்கையானது, எத்தனை நாள் ஆனது என்று ஆராயும் தபால் வரலாறு தனிப் படிப்பாக வளர்ந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரின் சிறை உறைகளைப் பற்றி ஏர்ல் ஆன்ட்ரிம் 1961இல் ஒரு நூல் எழுதினார். 1997இல் கேலன் ஹாரிசன் அதைவிடப் பெரிய தொகுப்பைக் கொண்டுவந்தார். எந்த முகாமில் என்ன முத்திரை, எப்போது யார் தணிக்கை அதிகாரி என்றெல்லாம் இன்று நமக்குத் தெரிவது இப்படிப்பட்டவர்களின் உழைப்பால்தான். அந்த உழைப்பை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் அதே சந்தையில் ஒரு கெட்ட வழக்கமும் ஊறியது. வியாபாரிகள் உறையை ஒருவருக்கும் கடிதத்தை இன்னொருவருக்கும் விற்றார்கள். பல நேரம் கடிதம் எங்கே போனதென்றே தெரியாது. இன்று ஏலத்தில் வரும் ஏராளமான சிறை உறைகள் வெற்று உறைகள். உள்ளே இருந்தவன் என்ன சொன்னான் என்பது போய்விட்டது.

நம் பக்கத்திலும் சேகரிப்பு மாறியிருக்கிறது. 1956இல் தொடங்கிய தென்னிந்திய அஞ்சல்தலைச் சேகரிப்போர் சங்கம் சென்னையில் பல தலைமுறைச் சேகரிப்பாளர்களை வளர்த்தது. என் போன்ற மலைக்காரர்களுக்கு அன்று பட்டியல் தபாலில் வர வேண்டும், நாம் மணியார்டர் அனுப்ப வேண்டும், அதற்குள் நல்ல உறை வேறு யார் கைக்காவது போயிருக்கும். இன்று மழையில் மின்சாரம் போனாலும் கைப்பேசியில் லண்டன் ஏலத்தைப் பார்க்கலாம். தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போரின்போது இலங்கையின் தியத்தலாவ முகாமில் இருந்த கைதிகளின் தணிக்கை முத்திரை விழுந்த உறைகள் இன்றும் விலைபோகின்றன. அந்தக் கைதிகள் முகாமுக்குள்ளேயே செய்தித்தாள் நடத்தினார்கள் என்பதும் அவற்றைத் தேடிப் போனால் தெரியவரும். வசதி பெருகியிருக்கிறது. கேள்வி மட்டும் மாறவில்லை: எதைத் தேடுகிறோம், முத்திரையையா, மனிதனையா?

முத்திரை அரசாங்கத்தின் சொல், கடிதம் கைதியின் சொல். நாட்டுக்கும் நாட்டுக்கும் நடந்த போரில் அரசாங்கத்தின் ஆவணங்கள் எப்படியோ மிஞ்சும். கைதியின் பெயர் இரு நாட்டுப் பட்டியல்களிலும் இருக்கும். உள்நாட்டுப் போரில் அந்தப் பட்டியலே பல நேரம் இல்லை, அல்லது மறுக்கப்படுகிறது. அங்கே கைதியின் சொல்தான் முதல் சாட்சி, சில குடும்பங்களுக்கு ஒரே சாட்சி.

இன்று பேச்சு இருக்கிறது, தாள் இல்லை

செஞ்சிலுவையின் முறையும் மாறிவிட்டது. 2008இல் ஆப்கானிஸ்தானின் பக்ராம் சிறையில் இருந்தவர்கள் காணொளியில் குடும்பத்தோடு பேச அது ஏற்பாடு செய்தது. பல நாடுகளில் தொலைபேசி அழைப்பாகவே குடும்பச் செய்தி போகிறது. கைதியின் முகத்தைக் குழந்தை பார்க்க முடிகிறது என்றால் அதைவிட வேறென்ன வேண்டும்? அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. தொலைபேசி எட்டாத இடங்களில் இன்றும் காகிதப் படிவம்தான் ஓடுகிறது.

ஆனால் தாள் அற்றுப்போகும் காலத்தில், இருக்கும் தாளின் பாரம் கூடுகிறது. இலங்கைப் போர் 2009 மே மாதம் முடிந்தது. செஞ்சிலுவைக் குழுவிடம் காணாமற்போனவர்கள் என்று குடும்பங்கள் பதிந்த பெயர்கள் 16,000க்கும் மேல். அவர்களில் சிங்களச் சிப்பாய்களும் உண்டு, தமிழ் இளைஞர்களும் உண்டு. 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தாய்மார்கள் படங்களை ஏந்தி வீதியோரத்தில் உட்கார்ந்தார்கள். ஆண்டுகள் போயும் போராட்டம் ஓயவில்லை, பதில் கிடைக்காமலே எத்தனையோ தாய்மார்கள் இறந்துபோனார்கள். காணாமற்போனவர்களுக்கான அரசு அலுவலகம் 2018 முதல் இயங்குகிறது. உங்கள் பிள்ளை கடைசியாக எங்கே இருந்தான் என்ற கேள்விக்குத் தாயிடம் இருக்கும் காகிதங்களில் சிறைப் படிவத்துக்கு நிகரானது குறைவு.

இதில் தமிழ்நாட்டுக்கும் பொறுப்பு உண்டு. இங்கே மறுவாழ்வு முகாம்களில் மட்டும் பல்லாயிரம் ஈழத் தமிழர்கள் வாழ்கிறார்கள். எங்கள் மலையடிவாரத்து மாவட்டத்திலேயே, திண்டுக்கல்லுக்குப் பக்கத்தில் தோட்டனூத்தில், அவர்களுக்கென 321 வீடுகள் கட்டி 2022இல் திறந்தார்கள். ஓலைக் கொட்டகையிலிருந்தும் தகரக் கூரையிலிருந்தும் நல்ல வீட்டுக்குப் போவது பெரிய விஷயம். ஆனால் வீடு மாறும்போதுதான் பழைய தாள்கள் குப்பைக்குப் போகும். முதல் தலைமுறை மூத்துவிட்டது. இங்கேயே பிறந்த பேரப்பிள்ளைகளுக்கு அந்தப் படிவம் என்னவென்று யாராவது சொல்லியாக வேண்டும்.

செய்ய வேண்டியது

படிவத்தை விலைக்குக் கேட்காதீர்கள். சேகரிப்பாளர்களாகிய நமக்கு நாமே போட்டுக்கொள்ள வேண்டிய முதல் விதி இது. தேவையில் இருக்கும் குடும்பத்திடம் காசை நீட்டி வாங்கும் கடிதம் மறுநாள் ஏலத்தில் ஒரு எண்ணாகிவிடும். அதை எழுதியவரோ அவருடைய பிள்ளைகளோ உயிரோடு இருக்கிறார்கள். அசல் குடும்பத்திடமே இருக்கட்டும். நாம் எடுக்க வேண்டியது நல்ல படம். வெயில் நேராக விழாத வெளிச்சத்தில், இரு பக்கமும், மடிப்பு விளிம்பு உட்பட. கூடவே எழுதியவர் யார், எப்போது வந்தது, யார் கொண்டுவந்து கொடுத்தார்கள் என்று வீட்டார் சொல்வதைக் குரலாகவே பதிந்துகொள்ளலாம். அதற்கும் அவர்களிடம் கேட்டுக்கொண்டுதான் செய்ய வேண்டும்.

படம் ஒரு கைப்பேசியில் மட்டும் கிடந்தால் அந்தக் கைப்பேசியோடு போய்விடும். யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் எரிக்கப்பட்டபோது ஒரே பிரதியாக இருந்த ஏடுகள் ஒரே இரவில் சாம்பலாயின. அந்த இழப்பின் நினைவில் வளர்ந்தவர்கள்தான் 2005இல் நூலகம் என்ற மின்னூலகத்தைத் தொடங்கி, ஈழத்து அச்சுப் பிரதிகளையும் ஆவணங்களையும் எண்ணிமமாக்கி வருகிறார்கள். சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்குப் பழைய தாள்களைப் பேணுவதில் பல்லாண்டு அனுபவம் உள்ளது. குடும்பங்கள் சம்மதித்தால், பெயர்களை மறைத்தோ குறிப்பிட்ட காலம்வரை பூட்டியோ, இப்படிப்பட்ட இடங்களில் பிரதி வைக்கலாம். யாரிடம் காட்டலாம், யாரிடம் காட்டக் கூடாது என்பதைக் குடும்பமே சொல்ல வேண்டும். சில படிவங்களால் இன்னும் ஆபத்து வரக்கூடும்.

அசலைக் காக்கும் முறை எளிது. மலையூர்க்காரர்களுக்கு ஈரம்தான் முதல் எதிரி. மூடுபனி மாதங்களில் சுவரை ஒட்டிய அலமாரியில் காகிதம் பூஞ்சை பிடிக்கும். ராமபாணப் பூச்சி மடிப்புகளைத் தின்னும். லேமினேட் செய்யவே கூடாது, அந்தச் சூடும் பசையும் தாளைக் கொன்றுவிடும். கிழிசலில் செல்லோடேப் ஒட்டக் கூடாது, சில ஆண்டுகளில் பழுப்புக் கறை எழுத்தையே மறைக்கும். மடிப்பைப் பிரித்து, அமிலம் இல்லாத தாளுக்கு நடுவே படுக்க வைத்து, அட்டைப் பெட்டியில், தரையிலிருந்து உயரத்தில் வைத்தால் போதும். வெயில் காயும் நாளில் பெட்டியைத் திறந்து காற்றாட விடலாம். தாளை வெயிலில் போட வேண்டாம்.

உறைகளைச் சேர்க்கும் நண்பர்களிடம் இன்னொன்றும் கேட்கிறேன். உங்களிடம் எந்த நாட்டுச் சிறை உறை இருந்தாலும் அதன் கடிதம் எங்கே என்று தேடுங்கள். கிடைத்தால் இரண்டையும் பிரிக்காமல் வையுங்கள். கண்காட்சிச் சட்டகத்தில் முத்திரையைப் பற்றி எழுதும் குறிப்புக்குக் கீழே, உள்ளே இருந்தவர் என்ன எழுதினார் என்று நான்கு வரி சேருங்கள். அடுத்த தலைமுறை முதலில் படிக்கப்போவது அந்த நான்கு வரியைத்தான்.

அக்காவின் படிவத்தைப் படம் எடுத்தாகிவிட்டது. பிரதி ஒன்று தம்பியிடம் இருக்கிறது, ஒன்று என்னிடம் இருக்கிறது, இன்னொன்றை எங்கே வைப்பது என்று அக்காவும் தம்பியும் பேசி முடிவு செய்கிறார்கள். இந்த வேலையைச் செய்யப் பெரிய பணமோ பட்டமோ தேவையில்லை. பொறுமையும், கேட்டு எடுக்கும் மரியாதையும், ஒரு கைப்பேசியும் போதும். திண்டுக்கல்லிலும் மண்டபத்திலும் கூடலூரிலும் இப்படி எத்தனை டப்பாக்கள் மூடிக் கிடக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். அவற்றைத் திறந்து காட்டக்கூடிய மூத்தவர்கள் நம்மோடு இருக்கும்போதே போய்க் கேட்க வேண்டும்.